17 கோப்பை கோச்!

உங்கள் பள்ளி கபடி அணியில் சூப்பராக ஆடும் அண்ணன் ஒருவர் இருப்பார். அவர் களத்தில் இறங்கினாலே பாதி வெற்றி! ஆனால், பிளஸ் 2 முடித்ததும் அவர் பள்ளியை விட்டுப் போய்விடுவார். அடுத்த ஆண்டு என்ன ஆகும்? பாவம் பி.டி. சார், மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்!

இந்த வேலையை, 38 ஆண்டுகள் சலிக்காமல் செய்த ஒருவரைப் பற்றித்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள். அவர் பெயர் டிக் கூல்ட். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், ஆண்கள் டென்னிஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர்.

ஏழு ஆண்டு காத்திருப்பு

கூல்ட், ஸ்டான்ஃபோர்டின் பழைய மாணவர். அங்கே படிக்கும்போது கல்லூரி அணிக்காக டென்னிஸ் ஆடியவர். படிப்பு முடிந்ததும் பள்ளியிலும், ஃபுட்ஹில் என்ற சிறிய கல்லூரியிலும் பயிற்சி கொடுத்தார். 1966-ல் ஸ்டான்ஃபோர்டு அணியின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

அப்போது கல்லூரி டென்னிஸ் என்றால், யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. என்ற இரண்டு பெயர்கள்தான். இரண்டுமே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பல்கலைக்கழகங்கள். 1961 முதல் 1971 வரை, 11 ஆண்டுகள், தேசிய சாம்பியன் பட்டம் இந்த இரண்டைத் தவிர வேறு யாருக்கும் போகவில்லை.

'நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் அங்கேதானே போவார்கள்... ஸ்டான்ஃபோர்டுக்கு யார் வருவார்கள்?' என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? அதுதான் கூல்டுக்கும் முதல் பிரச்னை. பயிற்சி கொடுப்பது இருக்கட்டும். முதலில் ஆள் வேண்டுமே!

மெல்ல மெல்ல ஆள் சேர்த்தார். இடி மாதிரி சர்வ் போடும் ராஸ்கோ டானர் வந்தார். சாண்டி மேயர் வந்தார். 1972-ல் இந்த ஜோடி, கல்லூரி இரட்டையர் பட்டத்தை வென்றது. அணிக்கான பட்டம் மட்டும் கைநழுவி, டெக்சாஸ் மாநிலத்தின் டிரினிட்டி பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது.

அடுத்த ஆண்டு டானர் அணியில் இல்லை. ஆனால் 1973-ல், மேயர் ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் வென்றார். அணிப் பட்டமும் ஸ்டான்ஃபோர்டுக்கே! பொறுப்பேற்று ஏழு ஆண்டு கழித்துத்தான் கூல்டுக்கு முதல் கோப்பை கிடைத்தது.

ஆறு கோர்ட், ஒரு கோச்

கல்லூரி டென்னிஸ், டி.வி.யில் நாம் பார்க்கும் டென்னிஸ் போல இருக்காது குட்டீஸ். இது அணி விளையாட்டு.

இப்போதுள்ள முறையைக் கேளுங்கள். முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள். அதில் இரண்டை வெல்லும் அணிக்கு 1 புள்ளி. பிறகு ஆறு ஒற்றையர் ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. மொத்தம் 7 புள்ளிகள். முதலில் 4 புள்ளி எடுக்கும் அணிக்கே வெற்றி.

இடம் இருந்தால், ஆறு ஒற்றையர் ஆட்டங்களும் ஒரே நேரத்தில், பக்கத்துப் பக்கத்துக் கோர்ட்டில் நடக்கும். கோச் என்ன செய்வார்? ஒன்றாம் கோர்ட்டில் ஒருவன் அழாத குறையாக நிற்பான். ஐந்தாம் கோர்ட்டில் இன்னொருவன் ஜெயிக்கப் போகிற சந்தோஷத்தில் அவசரப்படுவான். யாரிடம் முதலில் போவது? துணைப் பயிற்சியாளரோடு வேலையைப் பிரித்துக்கொண்டு, அங்கும் இங்கும் ஓட வேண்டியதுதான்! தொழில்முறைப் போட்டிகளில், ஆட்டத்தின் நடுவே கோச் யோசனை சொல்ல நீண்ட காலம் தடை இருந்தது. கல்லூரி டென்னிஸில் அதற்கு அனுமதி உண்டு.

இன்னொரு கஷ்டமான வேலையும் இருக்கிறது. ஒற்றையர் ஆடுவது ஆறு பேர். அணியிலோ எட்டு, பத்து பேர் இருப்பார்கள். 'தம்பி, இந்த வாரம் நீ வெளியே உட்கார வேண்டும்' என்று ஏழாவது பையனிடம் சொல்ல வேண்டியவரும் கோச்தான். வெளியே உட்கார்ந்தாலும் அவன் மனம் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவரும் அவரேதான்!

நான்கரை கணக்கு

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. ஓர் ஆண்கள் டென்னிஸ் அணிக்கு முழு உதவித்தொகை நான்கரை பேருக்குத்தான். அணியில் ஒன்பது பேர். எப்படிப் பிரிப்பீர்கள்?

சிரிக்காதீர்கள்... அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, பல ஆண்டுகள் நிஜமாகவே வைத்திருந்த வரம்பு இது. 2025-ல்தான் விதி மாறியது. கோச் உட்கார்ந்து ஒருவருக்கு முழுத்தொகை, இன்னொருவருக்குப் பாதி, மற்றொருவருக்குக் கால் பங்கு என்று பிரித்துக் கொடுப்பார். அந்தக் கால் பங்கை நம்பி மகனைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியதும் அவர்தான்.

வந்தார்... வென்றார்... போனார்!

1977-ல் 18 வயதுப் பையன் ஒருவன், விம்பிள்டனில் தகுதிச் சுற்றில் இருந்து ஆடி, அரையிறுதி வரை போய் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தான். அவன் பெயர் ஜான் மெக்கன்ரோ. உடனே தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருந்தால் பணம் கொட்டியிருக்கும். ஆனால், அந்த ஆண்டே அவன் கூல்டிடம் வந்து, மாணவனாகச் சேர்ந்தான்!

1978-ல் கல்லூரி ஒற்றையர் பட்டமும், அணிப் பட்டமும் வென்று கொடுத்தான். ஒரே வருடம்தான்... அப்புறம் தொழில்முறை ஆட்டத்துக்குக் கிளம்பிவிட்டான். பின்னாளில் ஏழு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் வென்ற அதே மெக்கன்ரோதான்!

அப்படிப்பட்ட ஆட்டக்காரர் போன பிறகு அணி படுத்துவிட்டதா? இல்லை. 1980-ல் மறுபடியும் சாம்பியன். 1981-லும் சாம்பியன்!

ஜானின் தம்பி பேட்ரிக்கும் பிறகு கூல்டிடமே வந்தார். அண்ணன் அளவுக்குப் பெரிய புகழ் அவருக்கு இல்லை. ஆனால், நான்கு ஆண்டுகள் இருந்து பட்டப்படிப்பை முடித்தார். 1986, 1988 என இரண்டு கோப்பைகளில் அவருக்கும் பங்கு உண்டு.

அடுத்து வந்தவர்கள் இரட்டையர்கள்... ஆட்டத்தில் மட்டுமல்ல, பிறப்பிலும்! மைக் பிரையன் வலது கைக்காரர், பாப் பிரையன் இடது கைக்காரர். 1998-ல் ஸ்டான்ஃபோர்டு அணி ஆடிய 28 மோதல்களிலும் தோல்வியே இல்லை. அந்த ஆண்டு ஒற்றையர், இரட்டையர், அணிப் பட்டம் மூன்றையும் பாப் அள்ளினார். பிறகு அவர்களும் கிளம்பிவிட்டார்கள். சகோதரர்கள் சேர்ந்து வென்ற கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் 16. கூடவே 2012 லண்டன் ஒலிம்பிக் தங்கம்.

2004-ல் கூல்ட் பயிற்சியாளர் பொறுப்பில் இருந்து விலகினார். அவர் கணக்கில் 776 வெற்றிகள், 148 தோல்விகள், 17 தேசிய அணிப் பட்டங்கள். அவரிடம் பயின்றவர்களில் பத்துப் பேர் கல்லூரி ஒற்றையர் சாம்பியன்கள்.

2007-ல் அமெரிக்கா டேவிஸ் கோப்பையை வென்றது. அந்த அணியின் கேப்டன் யார் தெரியுமா? பேட்ரிக் மெக்கன்ரோ. இரட்டையர் ஆடியவர்கள்? பிரையன் சகோதரர்கள். மூன்று பேருமே கூல்டின் பிள்ளைகள்!

கூல்டின் இடத்துக்கு வந்த ஜான் விட்லிங்கர், 1974-ல் அவரிடம் பயின்று ஒற்றையர் சாம்பியன் ஆனவர். 2014-ல் அடுத்து வந்த பால் கோல்ட்ஸ்டீன், 1995 முதல் 1998 வரை கூல்டின் அணியில் நான்கு ஆண்டும் கோப்பை தூக்கியவர். விட்டுப் போன மாணவர்கள், அதே கோர்ட்டுக்குக் கோச்சாகத் திரும்பி வந்தார்கள்.

நம்ம ஊர் சேதி: சென்னையில் டென்னிஸ் பயின்ற சோம்தேவ் தேவ்வர்மனும் இந்த வழியில் போனவர்தான். விர்ஜினியா பல்கலைக்கழகத்தில், கோச் பிரையன் போலண்டிடம் ஆடினார். 2006 இறுதிப் போட்டியில் தோற்றார். 2007, 2008 இரண்டு ஆண்டும் ஒற்றையர் சாம்பியன் ஆனார். 2010 ஆசிய விளையாட்டில் ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் தங்கம் வென்றார்.

குட்டீஸ்... நாளை கிரவுண்டுக்குப் போகும்போது, உங்கள் பி.டி. சாரிடம் அவருடைய பழைய மாணவர்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மணி அடித்தது கூடக் கேட்காமல் பேசிக்கொண்டே இருப்பார்!