பருப்பு வேகாததற்கும் ஹீட்டர் எரிந்ததற்கும் ஒரே காரணம்



நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தவரை தண்ணீரைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. இங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் வெட்ட முடியும். இறைக்கிற நீர் மின்நிலையத்துக்கும் ஊருக்கும் பயன்படுகிறது. மணற்பாறையில் ஊறிய தண்ணீர், அதனால் சுண்ணாம்பு கம்மி என்பார் என் கணவர். எங்கள் குழாயில் சோப்பைத் தொட்டாலே நுரை பொங்கும்.

அவர் ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்புக்கு வெளியே கட்டிய சொந்த வீட்டுக்கு வந்தோம். இங்கே போர்த் தண்ணீர். வந்த வாரமே துவரம்பருப்பு ஐந்து விசிலுக்கும் முழித்துக்கொண்டு கிடந்தது. "பருப்பு பழசும்மா" என்றார் மாமியார். கடையை மாற்றியும் அதே கதைதான். தலை குளித்தால் முடி பிசுபிசுப்பு, எவர்சில்வர் டம்ளரில் வெள்ளைப் புள்ளி. இரண்டாம் வருஷம் பாத்ரூம் ஹீட்டர் படுத்துவிட்டது.

கழற்றிய எலக்ட்ரீஷியன் தம்பி, "அக்கா, காயிலைப் பாருங்க" என்று காட்டினார். சுவரில் இருந்து பெயர்த்த காரை மாதிரி ஒரு விரல் கனத்துக்கு வெள்ளையாய் அப்பியிருந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்பு சூடு பட்டதும் பிரிந்து இப்படிப் படிகிறதாம். காயிலின் சூடு இந்த ஓட்டைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போக வேண்டும். அதனால் கரண்டும் அதிகம், காயிலும் உள்ளுக்குள்ளேயே காய்ந்து எரிந்துவிடும். பென்ஷன் காசில் புதுக் காயில் போட்டோம். இப்போது கொதிக்கக் கொதிக்க வைக்காமல், குளிக்கிற சூட்டுக்குத் திருகி வைத்திருக்கிறேன். சூடு குறைந்தால் படிவதும் குறையும். வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றிச் சுத்தம் செய்யவும் சொல்லியிருக்கிறேன்.

இந்தச் சமயம் பார்த்து ஃபில்டர் விற்க ஒருவர் வந்தார். எங்கள் தண்ணீர் ஒரு டம்ளரில், அவர் கொண்டுவந்த சுத்தத் தண்ணீர் ஒரு டம்ளரில். இரண்டு கம்பிகளை விட்டுக் கரண்ட் கொடுத்ததும் எங்கள் தண்ணீர் சேறாகிவிட்டது. "ஐயோ, இதையா குடிச்சோம்!" என்று மாமியார் பதறிப்போனார். அது அழுக்கே இல்லை, கரண்டில் இரும்புக் கம்பி கரைந்து வருகிற துரு என்று கணவர் முன்பே சொல்லியிருந்தார். நான் அவருடைய சுத்தத் தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு, "இப்ப வைங்க தம்பி" என்றேன். அதுவும் சேறுதான்! ஆள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் காட்டிய டி.டி.எஸ். மீட்டரும் எல்லா உப்பையும் சேர்த்துத்தான் கணக்குச் சொல்லும். ஹீட்டரைக் கெடுப்பது கால்சியமும் மெக்னீசியமும். அதைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வுக்கூடம் இருக்கிறது, கட்டணம் கட்டினால் பார்த்துச் சொல்வார்கள். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. சமையலறையில் மாட்டுகிற ஆர்.ஓ. குடிக்கத்தான், ஹீட்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு பாட்டிலில் மழைத் தண்ணீர், இன்னொன்றில் உங்கள் தண்ணீர். இரண்டிலும் குளியல் சோப்பைச் சம அளவு சீவிப் போட்டுக் குலுக்குங்கள் (துணி பவுடர் வேண்டாம், அது உப்புத் தண்ணீரிலும் நுரைத்து ஏமாற்றும்). நுரை வராமல் தயிர் திரிந்த மாதிரி மிதந்தால் தண்ணீர் கடினம்தான்.

வாஷிங் மெஷினுக்கு மளிகைக் கடை எலுமிச்சை உப்பு போதும். மெஷினோடு வந்த புத்தகத்தில் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, துணி போடாமல் வெந்நீரில் ஒரு சுற்று ஓட்டுங்கள். அதோடு பிளீச்சிங் பவுடரை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு வரும். ஸ்டீம் அயர்ன் பாக்ஸுக்கு ஆர்.ஓ. தண்ணீர், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர்தான். இட்லிப் பானை அடித் தண்ணீரில் பிழிந்த எலுமிச்சை மூடியைப் போட்டால் வெள்ளை பிடிக்காது. பருப்புக்கு, தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு மேலாக இறுத்து ஊற்றுகிறேன். இப்போது மூன்று விசிலில் குழைகிறது.

பாத்ரூம் டைல்ஸில் படிந்த வெள்ளைக் கறைதான் இன்னும் என்னிடம் தோற்கவில்லை. ஆசிட் ஊற்றாமல் போக்கத் தெரிந்த சகோதரிகள் எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, நெய்வேலி.