யானை லாரி ஏற மறுப்பது ஏன்?

ஸ்ரீரங்கம் ஆண்டாள், திருவானைக்காவல் அகிலா, மலைக்கோட்டை லட்சுமி... திருச்சிக்காரர்களுக்கு இவையெல்லாம் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கள் மாதிரி. தெருவில் கம்பீரமாக நடந்து வரும் யானையை, லாரியில் ஏற்றுவதுதான் பெரிய பாடு.

கோயில் யானைகளுக்கான நலவாழ்வு முகாம் 2003-ல் முதுமலையில் தொடங்கியது. பிறகு மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில், பவானி ஆற்றங்கரையில் 48 நாட்கள் நடந்தது. திருச்சியிலிருந்து அங்கே போக 200 கிலோமீட்டருக்கு மேல் லாரிப் பயணம். ‘லாரியில் ஏற மறுத்து யானை அடம்’ என்ற செய்தி முகாம் காலத்தில் தவறாமல் வந்ததுண்டு. படிக்கிறவர்களுக்கு அது வேடிக்கை. யானைக்கோ அது பயம்.

காலடிதான் காரணம்

வளர்ந்த பெண் யானையின் எடை சுமார் 3 டன். அதனால் குதிக்க முடியாது. கால் வைக்கும் இடம் தாங்குமா என்று துதிக்கையாலும் பாதத்தாலும் சோதித்துப் பார்த்த பிறகே அடியெடுத்து வைக்கும். லாரியின் தளமோ மிதித்தால் ஆடும், ‘தடதட’வென்று சத்தம் போடும். பாதத்தில் மெல்லிய அதிர்வையும் உணரும் விலங்கு பின்வாங்குவதில் வியப்பில்லையே!

எப்படிப் பழக்குவது?

பயணத்துக்குப் பல நாட்கள் முன்பே பாடம் தொடங்க வேண்டும். லாரியின் பின்பக்கத்தை உறுதியான மண்மேட்டோடு ஒட்டி நிறுத்தினால் ஏற்றம் குறையும், இடைவெளியும் இருக்காது. தளத்தில் மண்ணோ வைக்கோலோ பரப்பினால் சத்தம் அடங்கும், வழுக்காது.

முதல் நாள் லாரிக்குப் பக்கத்தில் கரும்பு கொடுத்தால் போதும். அடுத்து முன்கால் இரண்டை மட்டும் வைக்கட்டும். உடனே வெல்லம், பாகனின் தட்டிக்கொடுப்பு. பிறகு நான்கு காலும். ஏறியதும் கதவை மூடிவிடாமல், தின்ன விட்டு இறங்கவும் விட வேண்டும். ‘ஏறினால் இறங்கலாம்’ என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். நின்றபடியே பின்னோக்கி இறங்குவதும் இதில் ஒரு பாடம். பயந்தால் முந்தைய படிக்குத் திரும்பலாம்.

அடித்தும் கயிறு கட்டி இழுத்தும் ஏற்றினால் அன்றைக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் யானை மறக்காது. அடுத்த முறை லாரியைப் பார்த்ததுமே மிரளும். மிரண்ட யானை திரும்பினால் முதலில் ஆபத்து, பக்கத்தில் நிற்கும் பாகனுக்குத்தான்.

முகாமுக்கு மட்டும்தான் லாரி என்றில்லை. திருச்சி அருகே எம்.ஆர்.பாளையத்தில் வனத்துறை நடத்தும் யானைகள் மறுவாழ்வு மையத்துக்கு, மீட்கப்பட்ட யானைகள் வருவதும் லாரியில்தான். உடல்நலம் குன்றி அவசரமாகக் கொண்டுபோக வேண்டிய நாளில், நிதானமாகச் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்காது. பயணமே இல்லாத நாட்களில் கற்ற பாடம்தான் அன்று கைகொடுக்கும்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. யானையை லாரியில் ஏற்றுவதைப் பார்த்தால் சுற்றி நின்று கூச்சல் போடாதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள். செல்ஃபியும் வேண்டாம். அந்த நேரத்தில் அதன் காதில் விழ வேண்டியது பாகனின் குரல் மட்டுமே.