உங்க பையன் ஸ்கூல்ல கிரிக்கெட் டீம் இருக்கா?

ஆலைக்கு லீவு விட்ட நாளில் தாயில்பட்டி பக்கம் போய்ப் பாருங்கள். பொட்டலில் டென்னிஸ் பால் மேட்ச் தூள் பறக்கும். இந்தப் பையன்களில் ஒருவன் மேலே வர என்ன வேண்டும்? திறமை பாதிதான். மீதி, அவன் படிக்கிற ஸ்கூல்.

1988 பிப்ரவரியில் மும்பையின் ஹாரிஸ் ஷீல்டு பள்ளிப் போட்டி. ஷாரதாஷ்ரம் பள்ளிக்காக 14 வயது சச்சின் 326, 16 வயது காம்ப்ளி 349. இருவரும் அவுட்டே ஆகாமல் சேர்ந்து எடுத்தது 664 ரன். சச்சின் முன்பு படித்த ஸ்கூலில் கிரிக்கெட் டீமே கிடையாது. கோச் அச்ரேக்கர் சொல்லித்தான் இங்கே மாறினார்.

ஸ்கூல் டீம் ஏன் முக்கியம்? டென்னிஸ் பால் சுமார் 58 கிராம். நிஜ கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம். கண்ணை மூடிக்கொண்டு சுற்றினாலும் டென்னிஸ் பால் பறக்கும். இதில் அதே ஷாட் கேட்ச் ஆகிவிடும். பயம் போகவும் கால் நகரவும் சின்ன வயதிலேயே பழக வேண்டும்.

சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 20 வயது வரை டென்னிஸ் பால்தான். ஜெயப்பிரகாஷ் என்ற அண்ணன் கைதூக்கிவிட, 2021-ல் பிரிஸ்பேன் டெஸ்ட் வரை போனார். எல்லா ஊரிலும் அப்படி ஒரு அண்ணன் கிடைப்பாரா?

அதனால் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கோடு இதையும் கேளுங்கள்: மேட்டிங் விக்கெட் இருக்கா? ஹெல்மெட், பேடு போட்டுத்தான் ஆடுறாங்களா? வருஷத்துக்கு வெளியே எத்தனை மேட்ச்? கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம்.