காஃபூர்: ஒரு பெயர், இரு பொருள்கள்

ஹிஜ்ரி 16 ஆம் ஆண்டு (கி.பி. 637) பாரசீகத்தின் தலைநகரான மதாயின் முஸ்லிம்களின் வசமானபோது, அங்கிருந்த களஞ்சியங்களில் வெண்ணிறப் படிகங்கள் ஏராளமாகக் கிடைத்தன. அரபுப் பாலையிலிருந்து வந்த வீரர்கள் அவற்றை உப்பென்று கருதிச் சமையலில் இட்டார்கள். உணவு கசந்தது. அது காஃபூர் என்னும் கற்பூரம் என்பது பின்னரே தெரியவந்தது. பலாதுரீ, தபரீ போன்ற வரலாற்றாசிரியர்கள் இச்செய்தியைப் பதிந்துள்ளனர். கண்ணை நம்பிக் கற்பூரத்தை வாயிலிடும் தவறு அந்நாளோடு முடிந்துவிடவில்லை. கற்கண்டென்று எண்ணி அதைத் தின்றுவிடும் குழந்தைகள் இன்றும் மருத்துவமனைகளுக்குத் தூக்கிவரப்படுகிறார்கள்.

காஃபூர் நமக்குப் புதிய சொல் அன்று. நல்லோர் அருந்தும் கிண்ணத்தின் கலவை காஃபூர் என்று திருக்குர்ஆன் (76:5) கூறுகிறது. நபி (ஸல்) அவர்கள் தம் மகளாரின் ஜனாஸாவைக் குளிப்பாட்டிய பெண்களிடம், இறுதிக் கழுவலில் கற்பூரத்தைச் சேர்க்குமாறு பணித்ததை உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கிறார்கள். நறுமணமும் குளிர்ச்சியும் தருவதோடு பூச்சிகளையும் அது விலக்குவதால் என்று ஃபிக்ஹு அறிஞர்கள் இதற்குக் காரணம் காண்கின்றனர். வசனத்திலுள்ள காஃபூர் சுவனத்து ஊற்று ஒன்றின் பெயரென்று கொண்ட விரிவுரையாளர்களும் உளர். மறுமையின் பானத்தை இம்மையின் வேதியியலால் அளப்பது நம் நோக்கமன்று. இவ்வுலகக் கற்பூரம் நரம்பு மண்டலத்தில் என்ன செய்கிறது என்பதே நம் வினா.

இங்கு ஒரு பெயர்க்குழப்பத்தை முதலில் தீர்த்தாக வேண்டும். இடைக்கால அரபு வணிகர்கள் உயர்வாகப் போற்றியது 'ஃபன்சூரி' காஃபூர். கி.பி. 851 இல் தொகுக்கப்பெற்ற சீன, இந்தியச் செய்திகள் பற்றிய அரபு நூலிலேயே ஃபன்சூர் பேசப்படுகிறது. சுமத்ராவின் மேற்குக் கரையிலுள்ள இன்றைய பாரூஸ் பகுதியே அது. அதனருகில் லோபு துவா என்னுமிடத்தில் கி.பி. 1088 ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் நாட்டியது. அரபு வணிகரும் தமிழ் வணிகரும் நாடிச் சென்ற கரை அது.

அக்காட்டு மரங்களின் வெடிப்புகளில் உறைந்து கிடந்த படிகத்தின் முதன்மைப் பொருளை இன்றைய வேதியியல் 'போர்னியோல்' என்கிறது. சீனம், ஜப்பான், தைவான் நாடுகளின் கற்பூர மரத்தைச் சீவிக் காய்ச்சி வடித்துப் பெறப்பட்டது வேறு பொருள். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் டர்பன்டைன் எண்ணெயிலிருந்து ஆலைகளில் ஆக்கப்படும் அந்த இரண்டாம் பொருளே. இரண்டுக்கும் மூலக்கூற்றளவில் வேறுபாடு இரண்டே ஹைட்ரஜன் அணுக்கள். 'பச்சைக் கற்பூரம்' என்று எழுதி விற்கப்படுவதில் எது இருக்கிறது என்பதைப் பெயரைக் கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது.

அந்தச் சிறு வேறுபாடு மூளைக்குச் சிறிதன்று. நரம்பணுக்களின் கிளர்ச்சியைக் கட்டுக்குள் வைத்திருக்க மூளை 'காபா' என்னும் வேதிப்பொருளைப் பயன்படுத்துகிறது. போர்னியோல் அந்தக் காபாவின் செயலுக்குத் துணைநிற்பதை 2005 இல் வெளிவந்த ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. கற்பூரமோ கடிவாளத்தை அறுப்பது போல் வலிப்பை மூட்டுகிறது. எவ்வழியில் என்பது இன்னும் முழுமையாகத் துலங்கவில்லை. ஆனால் மூட்டுகிறது என்பதில் ஐயமில்லை. புடாபெஸ்ட் நகர மருத்துவர் மெடுனா 1934 இல் மனநோயாளிகளுக்குச் செயற்கையாக வலிப்பை வரவழைக்க விரும்பியபோது, முதலில் கையிலெடுத்தது எண்ணெயில் கரைத்த கற்பூர ஊசியைத்தான்.

இவ்வெண்ணெய்களின் மூலக்கூறுகள் சிறியவை, கொழுப்பில் கரைபவை. ஆதலால் தோலையும் குடலையும் மட்டுமன்றி, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பையும் எளிதில் கடக்கின்றன. நுகரும்போது நிகழ்வது வேறு. மணத்தின் செய்தி மூக்கின் நரம்புவழியே உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய மூளைப் பகுதிகளை நேராகச் சென்றடைகிறது. அத்தர் மணத்தில் மறைந்த பாட்டனாரின் முகம் தோன்றுவது இதனால்தான். மணத்தை நுகர்வதும் எண்ணெயை விழுங்குவதும் ஒரே மருந்தின் இரு அளவுகள் என்று எண்ணுவது பிழை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 'நபிவழி மருத்துவம்' என்ற பெயரில் தைலப் புட்டிகள் விற்கப்படுகின்றன. சில துளிகளைப் பாலில் கலந்து கொடுக்கலாம் என்று வாய்மொழியாகவும் சொல்லப்படுகிறது. உம்மு அதிய்யா (ரலி) அவர்களின் அறிவிப்பு மய்யித்தைக் கழுவுவது பற்றியது. உயிருள்ள குழந்தைக்குக் கற்பூரம் ஊட்ட அதில் சான்று தேடுவது ஹதீஸுக்கும் நீதியன்று, குழந்தைக்கும் நீதியன்று. சிறு குழந்தைக்கு ஒரு கிராம் கற்பூரமே உயிராபத்தாகலாம். அமெரிக்க அரசு 1983 இல் பூச்சு மருந்துகளில் கற்பூரத்தின் அளவை 11 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. 2009 இல் நியூயார்க்கின் பிரான்க்ஸ் பகுதி மருத்துவர்கள், வீட்டுப் பயன்பாட்டுக் கற்பூரத்தால் வலிப்புற்ற மூன்று குழந்தைகளைப் பற்றி எழுதினர். பெரியவர்களும் விலக்கல்லர். தென்னிந்திய மருத்துவமனைகள் சிலவற்றில் வலிப்போடு வந்த 350 பேரை ஆராய்ந்து 2021 இல் வெளியான கட்டுரையில், 55 பேர் அதற்குச் சற்று முன் இத்தகைய எண்ணெய்களைப் பயன்படுத்தியிருந்தனர் என்று காண்கிறோம். யூகலிப்டஸ் எனும் நீலகிரித் தைலமும் கற்பூரமுமே அவற்றில் முதன்மை. காக்காய் வலிப்பு உள்ளோர் வலித்தைலம் தேய்க்குமுன் மருத்துவரைக் கேட்பது நலம்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பூரம் கலந்த தைலத்தை நெஞ்சில் தடவுவதும், மூக்கருகே வைப்பதும் கூடாது. துணியில் முடிந்து கழுத்தில் கட்டினால் குழந்தை அதைச் சப்பிவிடும். இன்னொன்றும் நம் வீடுகளுக்கே உரியது: ஜனாஸாவைக் குளிப்பாட்டியபின் எஞ்சும் கற்பூரப் பொட்டலம். துக்கத்தில் இருக்கும் வீட்டில் அது எங்கே வைக்கப்பட்டது என்பதை யாரும் கவனிப்பதில்லை. உறவினர் குழந்தைகளோ அன்று வீடெங்கும் இருப்பார்கள். குளிப்பாட்ட வருபவர்களே அதைத் திரும்ப எடுத்துச் செல்லும் வழக்கத்தை ஜமாஅத்துகள் ஏற்படுத்தலாம். குழந்தை விழுங்கிவிட்டதாக ஐயம் எழுந்தால் வாந்தி எடுக்கச் செய்யலாகாது. வாந்தியின் நடுவே வலிப்பு வந்தால் மூச்சுக்குழல் அடைபடும். ஐந்து நிமிடத்திலும் வலிப்பு தொடங்கலாம், ஒன்றரை மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். ஆகவே குழந்தை நலமாகத் தெரிந்தாலும், பொட்டலத்தைக் கையிலெடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.