மரத்துக்கு நெடுவரிசை தெரியாது

இணையப் பக்கத்தில் இருக்கும் ஒரு அட்டவணையை எக்செல்லுக்குக் கொண்டுவர, பைத்தானில் பத்து வரி எழுதினால் போதும் என்று சொல்வார்கள். போதும்தான். ஆனா அந்தப் பத்து வரி கொடுத்த விடை சரியான்னு பார்க்க இன்னும் முப்பது வரி வேணும். இந்தக் குறிப்பு அந்த முப்பது வரியைப் பற்றியது.

ஒரு உதாரணத்தோடு பேசினால் சுலபம். தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளின் பட்டியல் ஒரு பக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு நெடுவரிசைகள்: எண், தொகுதி, மாவட்டம், அது எந்த மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது.

பக்கத்தின் கோப்பு வெறும் எழுத்துச்சரம். எச்டிஎம்எல் பார்சர் அதைப் படித்து ஒரு மரமாக ஆக்கித் தருகிறது. வேர் மேலே, கிளைகள் கீழே. டேபிளுக்குள் வரிசைகள், வரிசைக்குள் செல்கள். பைத்தானில் இதற்கு அதிகம் பேர் எடுப்பது பியூட்டிஃபுல் சூப். லெனார்ட் ரிச்சர்ட்சன் 2004இல் வெளியிட்டது. "இந்த டேபிளுக்குள்ள இருக்கிற எல்லா வரிசையையும் கொடு, ஒவ்வொன்னுலயும் இருக்கிற செல்லை எல்லாம் கொடு" என்று கேட்டால் கொடுக்கும்.

எழுத்துச்சரத்திலேயே ரெகுலர் எக்ஸ்பிரஷன் வைத்துத் தேடினால் ஆகாதா என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. சில நேரம் ஆகும். ஆனால் மரத்தின் அருமை அடிக்குறிப்பு எண் வரும்போதுதான் தெரியும். ஒரு செல்லில் 45,321 வாக்குகள் என்று இருக்கிறது, அதன் தலைமேல் சின்னதாக 4 என்ற அடிக்குறிப்பு எண். இலக்கங்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் 4,53,214 வாக்குகள் ஆகிவிடும்! மரத்தில் அந்த அடிக்குறிப்பு தனிக் கிளை. முதலில் அதை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சம் இருக்கும் எழுத்தை எடுக்கலாம். எண்கள் உள்ள எந்த அட்டவணையிலும் நான் செய்யும் முதல் வேலை இதுதான்.

இனி தலைப்புக்கு வருகிறேன். யார் யாருக்குள் இருக்கிறார்கள் என்பது மட்டுமே மரத்துக்குத் தெரியும். வரிசை என்ற ஒன்று மரத்தில் உண்டு. நெடுவரிசை என்ற ஒன்று கிடையாது. "மூணாவது செல்" என்று நாம் கேட்பதும் "மூணாவது நெடுவரிசை" என்று மனசில் நினைப்பதும் வேறு வேறு. எல்லா வரிசையிலும் செல்களின் எண்ணிக்கை சமமாக இருக்கும்வரை இந்த வித்தியாசம் வெளியே தெரியாது.

கும்மிடிப்பூண்டியில் தொடங்கித் திருவொற்றியூர் வரை முதல் பத்துத் தொகுதிகளும் திருவள்ளூர் மாவட்டம். பட்டியல் போடுகிறவர் அந்தப் பெயரைப் பத்து தடவை எழுத மாட்டார். ஒரே செல்லில் எழுதி, ரோஸ்பேன் 10 என்று கொடுத்துக் கீழே நீட்டிவிடுவார். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முதல் வரிசையில் நான்கு செல், அடுத்த ஒன்பது வரிசைகளில் மூன்றே செல். அந்த ஒன்பதிலும் மூன்றாவது செல் மக்களவைத் தொகுதி. அது போய் மாவட்டத்தின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

திருத்தணிக்கு மாவட்டம் அரக்கோணம் என்று வரும். மதுரவாயலுக்கும் அம்பத்தூருக்கும் ஸ்ரீபெரும்புதூர். திருவொற்றியூருக்கு வடசென்னை. இவற்றைப் பார்த்ததும் பிடித்துவிடலாம். பொன்னேரியைப் பாருங்கள். அதன் மக்களவைத் தொகுதி திருவள்ளூர், மாவட்டமும் திருவள்ளூர். தவறான செல்லிலிருந்து சரியான விடை! திருவள்ளூர், பூந்தமல்லி, ஆவடி, மாதவரம் ஆகியவையும் அப்படியே. ஒன்பதில் ஐந்து வரிசை சரியாகவே தெரியும். முதல் இரண்டு வரிசையைப் பார்த்து "ஓகே, வருது" என்று ஸ்கிரிப்டை மூடுகிறவருக்கு எதுவுமே தெரியாது.

தீர்வு கஷ்டமானது இல்லை. சதுரங்கப் பலகை மாதிரி ஒரு காலிக் கட்டத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு செல் 10 என்று சொன்னால், அதே நெடுவரிசையில் கீழே ஒன்பது கட்டங்களையும் அதே பெயரால் நிரப்பிவிட வேண்டும். பிறகு வரும் வரிசைகளின் செல்கள் காலியாக இருக்கும் இடங்களில் மட்டும் போய் உட்காரும். பாண்டாஸின் அட்டவணை வாசிப்பான் இதைத் தானே செய்துவிடுகிறது. அடிக்குறிப்பு எண்ணை மட்டும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மரம் ஒன்றே என்றும் நினைக்க வேண்டாம். எச்டிஎம்எல் விதிப்படி செல்லுக்கு மூடும் டேக் போடாமல் விடலாம், தப்பில்லை. பிரவுசர் புரிந்துகொள்ளும். எச்டிஎம்எல்5லிப் பிரவுசர்களின் அதே விதிகளைப் பின்பற்றுவதால் அதுவும் புரிந்துகொள்ளும், மெதுவாக. ஆனால் பியூட்டிஃபுல் சூப்பைப் பைத்தானோடு வரும் சாதாரண பார்சரோடு ஓட்டினால், ஒரு செல்லுக்குள் அடுத்த செல், அதற்குள் அடுத்தது என்று மரம் சரிந்துகொண்டே போகும். இன்னொன்று: பிரவுசரின் இன்ஸ்பெக்ட் திரையில் டேபிளுக்கும் வரிசைக்கும் நடுவில் டிபாடி என்று ஒன்று தெரியும். பல பக்கங்களில் அது கோப்பிலேயே இருக்காது, பிரவுசர் தானே சேர்த்தது. அங்கிருந்து பாதையை நகலெடுத்து எல்எக்ஸ்எம்எல்லிடம் கொடுத்தால் வெறுங்கையோடு திரும்பும். இன்ஸ்பெக்டை விட்டுவிட்டு, பக்கத்தின் மூலத்தைப் பார்த்து எழுதுங்கள்.

சோதனைக்கு வருவோம். மொத்தம் 234 வரிசை வந்ததா என்பது பலவீனமான சோதனை. நெடுவரிசை நகர்ந்தாலும் 234 வந்துவிடும். மாவட்ட நெடுவரிசையில் எத்தனை தனிப் பெயர்கள் என்று எண்ணுவதுதான் வேலைக்கு ஆகும்: 38 வர வேண்டும். 2019இல் புதிய மாவட்டங்கள் பிரிக்கப்படுவதற்கு முந்தைய பட்டியல் என்றால் 32. அரக்கோணமும் ஸ்ரீபெரும்புதூரும் அதில் தலைகாட்டினால் இரண்டுமே வராது. அடுத்து, தனித் தொகுதிகள்: பட்டியல் சாதியினருக்கு 44, பழங்குடியினருக்கு 2, அதாவது ஏற்காடும் சேந்தமங்கலமும். கடைசியாக எல்லைகள். பத்தாவது திருவொற்றியூர் திருவள்ளூரிலும், பதினொன்றாவது டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர் சென்னையிலும் இருக்கிறதா? ரோஸ்பேன் எண்ணைத் தொகுத்தவரே ஒன்று கூட்டியோ குறைத்தோ போட்டிருந்தால், அது இந்த எல்லையில்தான் மாட்டும்.

இத்தனையும் ஓட்டிப் பார்ப்பதற்குப் பக்கத்தை ஒவ்வொரு முறையும் இறக்க வேண்டாம். ஒரு தடவை இறக்கி, கோப்பின் பெயரில் தேதியைப் போட்டு வைத்துக்கொண்டால் போதும். அந்த சர்வருக்கும் தொல்லை இல்லை, நாளைக்கு யாராவது அட்டவணையை மாற்றினாலும் எந்தக் கோப்பிலிருந்து எந்த எண் வந்தது என்று கையில் இருக்கும்.