மழை எச்சரிக்கையின் நிறமும் கிடங்கின் தரையும்

துலா மாதப் பிற்பகலின் போக்கு ஆரியசாலையில் வணிகம் செய்வோருக்குப் புதிதன்று. காலை முழுவதும் வெயில் காயும். மூன்று மணியளவில் கிழக்கே மலைப்பக்கம் கறுத்து, விளக்கேற்றும் நேரத்திற்குள் இடியும் மின்னலுமாய் மழை இறங்கிவிடும். இடவப்பாதி மழை கடலிலிருந்து வந்து நாட்கணக்கில் பெய்வது. துலா மழை சில மணி நேரமே பெய்தாலும், அந்த நேரத்திற்குள் ஓடைகள் தாங்காத அளவு நீரைக் கொட்டிவிடக் கூடியது.

2023 அக்டோபர் 14 இரவு பெய்யத் தொடங்கிய மழையில், பொழுது விடிவதற்குள் ஆமையிழஞ்சான் தோடு கரைபுரண்டு, கண்ணம்மூலை, கௌரீசபட்டம் பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்ததை நகரத்தார் மறந்திருக்கமாட்டார்கள். தம்பானூரிலும் கிழக்கேகோட்டையிலும் நீர் தேங்குவதைத் தீர்க்க 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ நடந்தது. சாலைக் கடைத்தெருவின் ஒரு முனை அந்தக் கிழக்கேகோட்டை. மறுமுனை கிள்ளியாற்றின் மேலுள்ள கிள்ளிப்பாலம். தரையோடு தரையாக மூட்டை அடுக்கும் கடைக்காரருக்கு எச்சரிக்கையைச் சரியாகப் படிப்பது கணக்கு எழுதுவதைப் போன்ற அன்றாட வேலையே.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பில் மஞ்சள் என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் மழை, ஆரஞ்சு 204.4 வரை, சிவப்பு அதற்கும் மேல். மஞ்சள்தானே என்று கைப்பேசியை அணைத்துவிடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீர். எனவே, மஞ்சளின் கீழெல்லை மழையே ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஏறக்குறைய 6,000 லிட்டரைக் கொட்டும். அது நாள் முழுதும் சிறுகப் பெய்தால் ஓடை கொண்டுபோய்விடும். ஒரு மணி நேரத்தில் பெய்தால் தெருவே ஓடையாகும். நிறம் மாவட்டம் முழுமைக்கும் ஒரு நாளுக்கும் உரியது. எந்தத் தெருவில், எந்த மணியில் என்று அது சொல்வதில்லை.

அதைச் சற்று நெருங்கிச் சொல்வது அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி அறிவிப்பு. ராடார் காட்டும் மேகத்தைக் கொண்டு வெளியிடப்படுவதால், பிற்பகலில் நாம் பார்க்க வேண்டியது காலையில் கண்ட நிறத்தை அன்று, இதைத்தான். திடீர் வெள்ளத்துக்கெனத் தெற்காசிய நாடுகளுக்கான தனி வழிகாட்டு அமைப்பும் 2020 அக்டோபர் முதல் இயங்குகிறது. மண் ஏற்கெனவே எவ்வளவு ஈரமாயிருக்கிறது, இன்னும் எவ்வளவு பெய்தால் சிற்றாறு கரைமீறும் என்று கணக்கிட்டு, ஆறு மணி நேரம் முன்னதாக அது குறிப்புத் தருகிறது. மூன்று நாள் மழைக்குப் பின் வரும் மஞ்சளை முதல் நாள் மஞ்சளைவிடப் பெரிதாக மதிக்க வேண்டும் என்பதற்குக் காரணமும் இதுவே.

இடிமின்னலுக்குக் காதே கருவி. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாயிருந்தால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மொட்டை மாடியிலும் திறந்த வெளியிலும் நிற்கலாகாது. கணினி, மின்தராசு ஆகியவற்றின் இணைப்பை இடி நெருங்கும் முன்பே கழற்றிவிட வேண்டும். இடிக்கும்போது அவற்றைத் தொட வேண்டா.

இனி, வங்கியோடு தொடர்புடைய இரண்டு செய்திகள். பெட்டகம் வைத்திருப்போர் பலர் அதிலுள்ள நகைக்கு வங்கி முழுப் பொறுப்பு என்று எண்ணுகிறார்கள். 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கட்டட இடிவு, ஊழியரின் மோசடி ஆகியவற்றால் நேரும் இழப்புக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு. வெள்ளம், இடி, மின்னல் போன்ற இயற்கைச் சீற்றத்தால் நேரும் இழப்புக்கு வங்கி பொறுப்பாகாது. பெட்டக அறையைப் பாதுகாக்கத் தக்க ஏற்பாடு செய்வது மட்டும் அதன் கடமை. நகைக்குத் தனிக் காப்பீடு எடுப்பது வாடிக்கையாளர் கையில் இருக்கிறது.

மற்றொன்று, சரக்கை ஈடுகாட்டிக் கடன் பெற்றோருக்கு உரியது. காப்பீட்டுப் பத்திரத்தில் எழுதியுள்ள முகவரியில் இருக்கும் சரக்குக்கே காப்பு. பண்டிகைக்காகக் கூடுதலாக வாங்கி, கிள்ளிப்பாலம் பக்கம் வாடகைக்குப் பிடித்த கிடங்கில் வைத்த மிளகாய் மூட்டை நனைந்தால், அந்த முகவரி பத்திரத்தில் இல்லாதவரை இழப்பீடு கேட்பது கடினம். வெள்ளமும் புயலும் உங்கள் பத்திரத்தில் அடங்குமா, சரக்கின் இன்றைய மதிப்புக்குக் காப்புத் தொகை ஈடாகுமா என்பதைத் துலா மாதம் பிறக்குமுன் கிளையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நீர் புகுந்துவிட்டால், கழுவித் துடைக்கும் முன் சுவரில் நீர் நின்ற அளவைப் படமெடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் கிளைக்கும் அன்றே தெரிவியுங்கள். நனையாத சரக்கை மேலே ஏற்றிக் காப்பது உங்கள் பொறுப்பு. நனைந்த மூட்டைகளை மட்டும் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை அப்புறப்படுத்தாமல் ஓரமாக வைத்திருங்கள்.