மண்ணுக்குள் இருக்கும் காவல்

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டில் இஸ்திரிப் பெட்டிக்கோ குளிர்பதனப் பெட்டிக்கோ பொருத்தியுள்ள மூன்று கால் ‘பிளக்’கை ஒரு முறை கருத்துடன் பாருங்கள். இரண்டு கால்கள் ஒரே அளவில் இருக்கும். மூன்றாவது கால் சற்றே பருத்தும் நீண்டும் இருக்கும். செருகும்போது முதலில் தொடுவதும், பிடுங்கும்போது கடைசியில் விடுவதும் அந்தக் காலாகவே இருத்தல் வேண்டும் என்பதற்காகவே அதனை நீளமாக வைத்தனர். பெட்டி சூடாவதற்கு அது தேவையில்லை. அதனை எடுத்துவிட்டாலும் பெட்டி சூடாகும். ஆயினும் உயிரைக் காக்கும் கால் அதுதான். மின் தொழிலாளர் ‘எர்த்’ என்றும், பாடநூல்கள் புவித்தொடுப்பு என்றும் கூறுவது இதனையே.

இதனைப் பற்றிப் பேச வந்துள்ள நான் மின் பொறியாளன் அல்லேன். பல்லாண்டுகள் அறிவியல் கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். ஓம் விதியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன். அந்த விதி என் பள்ளியின் மண்ணுக்குள்ளும் செல்லும் என்பதை மட்டும் ஒரு விபத்துக்குப் பின்னரே உணர்ந்தேன். அந்தப் பிழையை உங்களிடம் கூறுவது என் கடமை என்று கருதுகிறேன்.

அப்போது நான் சிவகங்கைப் பக்கத்தில் ஓர் ஊர்ப் பள்ளியில் பணியாற்றினேன். செம்மண்ணும் சரளையும் கலந்த வறண்ட பூமி. பள்ளியில் புதிதாகத் தண்ணீர் மோட்டார் வைத்து, மின்சார வேலைகளையும் செய்து முடித்திருந்தனர். சுவரில் கம்பிகள் நூல் பிடித்தாற்போல் நேராகச் சென்றன. பச்சை நிற எர்த் கம்பி வளைய வேண்டிய இடத்தில் வளைந்து, முற்றத்தின் ஓரத்தில் சிமெண்டால் கட்டிய ஒரு சிறு தொட்டிக்குள் இறங்கிற்று. தொட்டிக்கு மூடியும் இருந்தது. மூடிக்கு வர்ணமும் பூசியிருந்தனர். நான் சுற்றிப் பார்த்தேன், வேலை அழகாக இருக்கிறது என்று மெச்சினேன், கையெழுத்திட்டேன்.

ஓராண்டு கழிந்து, 2011ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஈரக் கையுடன் இரும்புக் குழாயைத் திறந்தான். திறந்த கை குழாயை விடவில்லை. அவனால் கத்தவும் இயலவில்லை. சத்துணவுக் கூடத்து அம்மையார் அதனைக் கண்டு, அவனைத் தொடாமல் ஓடிச் சென்று மெயின் சுவிட்சை இறக்கினார். பையன் பிழைத்தான், அவன் உள்ளங்கையில் மட்டும் ஒரு தழும்பு நின்றுவிட்டது. அந்த அம்மையாரின் விவேகம் இல்லாதிருந்தால் இன்று நான் வேறொரு செய்தியைக் கூற நேர்ந்திருக்கும்.

மோட்டாரின் உட்சுருளில் காப்பு தேய்ந்து, மின்சாரம் அதன் இரும்பு உடலுக்கும், அதன் வழியே குழாய்க்கும் வந்திருக்கிறது. எர்த் கம்பி இருந்தும் ஏன் இவ்வாறு நேர்ந்தது? தொட்டியைத் திறந்து தோண்டினோம். இரண்டரை மீட்டருக்குக் குறையாமல் மண்ணுள் இறங்கியிருக்க வேண்டிய குழாய், ஒரு மீட்டரோடு நின்றிருந்தது. கடப்பாரை சரளைப் பாறையில் முட்டியதும், வேலை செய்தவர் குழாயை அறுத்து நட்டுவிட்டு, மேலே சிமெண்டால் அழகு செய்திருந்தார். நான் மெச்சிக் கையெழுத்திட்டது அந்த அழகுக்குத்தான்!

இங்கே எர்த் செய்யும் வேலை யாது என்பதை நாம் தெளிதல் வேண்டும். நம் தெருவில் நிற்கும் மின்மாற்றியின் நடுக்கம்பி, அதாவது நியூட்ரல், அங்கேயே மண்ணோடு இணைந்திருக்கிறது. நம் இயந்திரத்தின் உலோக உடலையும் நாம் மண்ணோடு இணைக்கிறோம். காப்புக் கெட்டு மின்சாரம் உடலுக்கு வந்தால், அது எர்த் கம்பி வழியே மண்ணுள் இறங்கி, மண் வழியே மின்மாற்றிக்குத் திரும்பும். மண்ணை ஒரு மின்கம்பியைப் போலப் பயன்படுத்தலாம் என்பது புதிய செய்தியன்று. 1838ஆம் ஆண்டிலேயே ஸ்டைன்ஹைல் என்ற ஜெர்மானிய அறிஞர், தந்திக்கு இரண்டு கம்பிகள் வேண்டா, திரும்பும் வழியாக மண்ணே போதும் என்று காட்டினார்.

ஆனால் அந்த வழி எவ்வளவு அகலமான வழி என்பதே கேள்வி. இனி ஓம் விதிக்கு வருவோம். மின்னழுத்தம் 230 வோல்ட். மண்வழியின் மொத்தத் தடை 2 ஓம் என்று வைத்துக்கொண்டால், பாயும் மின்னோட்டம் 115 ஆம்பியர். 15 ஆம்பியர் ப்யூஸ் நொடிப் பொழுதில் உருகிவிடும், மின்சாரம் நின்றுவிடும், ஆபத்தும் நீங்கும். எங்கள் பள்ளியில் அளந்தபோது வந்த தடை 140 ஓம். 230ஐ 140ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.6 ஆம்பியர். ஒரு சிறிய மின்கருவி இழுக்கும் அளவே அது. ப்யூஸ் அதனைப் பொருட்படுத்துமா? படுத்தாது. ஆகவே மின்சாரம் நிற்காமல் மண்ணுக்குள் ஒழுகிக்கொண்டே இருந்தது. மோட்டாரின் உடலோ கிட்டத்தட்ட முழு அழுத்தத்துடன், தொடுகின்ற கையை எதிர்பார்த்து நின்றது.

இவ்வகுத்தல் கணக்கை எட்டாம் வகுப்பு மாணவனும் செய்வான். அதனைச் செய்யத் தவறியவன் அறிவியல் ஆசிரியனாகிய நானே.

பிழையைத் திருத்துவதற்கு அனுபவமுள்ள இருவரை அழைத்தேன். ஒருவர் அறுபதை நெருங்கியவர். மற்றவர் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து வந்த இளைஞர். வேப்பமரத்தடியில் அமர்ந்து இருவரும் உரையாடியதை நான் அருகிருந்து கேட்டேன்.

“தம்பி, செம்புத் தகட்டுக்கு ஈடு எதுவும் இல்லை. இரண்டடிக்கு இரண்டடித் தகடு, சுற்றிலும் கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினால் நம் ஆயுளுக்கும் நிற்கும்” என்றார் மூத்தவர்.

“அண்ணே, உப்பு மழையிலே கரைந்து போய்விடும். இருக்கிற வரைக்கும் இரும்பையும் அரிக்கும். செம்பு பூசிய எஃகுக் கம்பியை ஆழமாக அடித்து, சுற்றிலும் பென்டோனைட் களிமண்ணைக் கொட்டினால் போதும்” என்றார் இளையவர்.

பின்னர் இருவரும் தாங்கள் செய்த வேலைகளை ஒருவருக்கொருவர் காட்டத் தொடங்கினர். இளையவரின் கைப்பேசியில் ஓர் ஆலையின் மின்பலகை தெரிந்தது. கம்பிகள் தலைவாரிப் பின்னல் போட்டாற்போல் ஒழுங்காக நின்றன. செம்புப் பட்டை பொன்னைப் போல் மின்னியது. மூத்தவர் தம் கைப்பேசியில் ஓர் அரிசி ஆலையின் எர்த் குழியைக் காட்டினார். தொழிலில் பெருமை கொள்வது நல்லதே. பெருமை இல்லாதவன் கையில் வேலை சிறக்காது. ஆயினும் சூடு கண்ட பூனையாகிய நான் ஒரு கேள்வி கேட்டேன்.

“இவை எல்லாம் அழகாகவே இருக்கின்றன. ஓம் எத்தனை வந்தது?”

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு மூத்தவர் சிரித்தார். “ஐயா கேட்டதுதான் கேள்வி. படத்திலே ஓம் தெரியாது” என்றார்.

அன்று அவர்களிடமிருந்து நான் கற்றவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். முதலாவது, செம்பா இரும்பா என்ற வழக்கு நாம் எண்ணுகின்ற வழக்கன்று. செம்பு இரும்பைவிட நன்கு மின்சாரத்தைக் கடத்தும் என்பது உண்மை. ஆனால் மண்ணின் தடையோடு ஒப்பிட்டால், குழாயின் தடை கணக்கில் சேர்க்கத்தக்கதே அன்று. செம்பை நாடுவது அது துருப்பிடியாமல் நெடுநாள் நிற்கும் என்பதற்காக. துத்தநாகம் பூசிய இரும்பை நாடுவது அது விலை குறைந்தது என்பதற்காக. செம்புக் கம்பியை நேராக இரும்புக் குழாயில் முறுக்கி ஈர மண்ணில் புதைத்தால், இரும்பு விரைவில் அரிக்கப்படும். ஆகவே எந்த உலோகம் என்பதைவிட, இணைப்பு எவ்வாறு செய்யப்பட்டது என்பதே முதன்மையானது.

இரண்டாவது, மின்சாரத்தைக் கடத்துவது மண் துகள் அன்று. மண்ணின் ஈரமும், அந்த ஈரத்தில் கரைந்துள்ள உப்புக்களுமே. கரியையும் உப்பையும் இட்டதன் நோக்கம் இதுவே. பென்டோனைட் களிமண் நீரை உறிஞ்சிப் பருத்து, அந்த ஈரத்தை நெடுநாள் விடாமல் வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் அளந்தால் எந்தக் குழியும் நல்ல குழியாகவே தோன்றும். கோடையில் அளந்து பார்ப்பதே உண்மையான தேர்வு.

மூன்றாவது, பருமனைவிட ஆழமே பெரிது. குழாயின் விட்டத்தை இரட்டித்தால் தடை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே குறையும். நீளத்தை இரட்டித்தாலோ பத்தில் நான்கு பங்கு குறையும். ஆழம் செல்ல இயலாத பாறை நிலத்தில், ஒன்றுக்குப் பதிலாக இரண்டு மூன்று குழாய்களை நட்டு ஒன்றாக இணைத்தல் வேண்டும். அவையும் நெருங்கி நிற்றல் ஆகாது. குழாயின் நீளத்தைப் போல் இருமடங்கு தொலைவாவது விலகி நிற்றல் வேண்டும். இந்த நெறிகளை எல்லாம் இந்தியத் தரநிலை 3043 வகுத்துள்ளது. 1966ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டு, 1987இலும் 2018இலும் அது திருத்தப்பெற்றது. எங்கள் வேலைக்குத் துணையாக இருந்தது 1987ஆம் ஆண்டுப் பதிப்பு. குழாயின் நீளம் 2.5 மீட்டருக்குக் குறையலாகாது என்பது அதன் விதி. என் பள்ளியில் அறுக்கப்பட்டது அந்த விதிதான்.

அளப்பது எவ்வாறு என்பதையும் இளையவர் செய்து காட்டினார். முதலில் மின்சாரத்தை நிறுத்தி, எர்த் குழாயிலிருந்து கம்பியைக் கழற்றினார். குழாயிலிருந்து நேர்கோட்டில் இரண்டு சிறு இரும்பு முளைகளை அடித்தார். ஒன்று தொலைவில், மற்றொன்று இடையில். கருவி குழாய்க்கும் தொலைவிலுள்ள முளைக்கும் இடையே ஒரு சிறு மின்னோட்டத்தைச் செலுத்தும். இடையிலுள்ள முளை மின்னழுத்தத்தை அறியும். அழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்த விடையைக் கருவி காட்டும். ஓம் விதியை இதைவிட எளிதாக எந்த ஆய்வுக்கூடத்திலும் காட்ட இயலாது. வேடிக்கை பார்த்த மாணவர்களும் அன்று அதனை நன்கு கற்றனர்.

இருவரும் சேர்ந்தே வேலையைச் செய்தனர். மூத்தவர் சரளையை உடைத்து ஆழம் செல்லும் முறையை அறிந்திருந்தார்; இளையவர் களிமண்ணின் பதத்தை அறிந்திருந்தார். மூன்று கம்பிகளை நட்டு இணைத்தபின் அளந்தோம். 11 ஓம். “இந்த மண்ணில் இதற்குக் கீழே கொண்டுவரப் பெருஞ்செலவாகும், ஐயா” என்று இளையவர் ஒளிக்காமல் கூறினார். 11 ஓம் என்றால் பாய்வது ஏறத்தாழ 21 ஆம்பியர். 15 ஆம்பியர் ப்யூஸ் அதற்கு உடனே உருகாது, காலம் கடத்தும். ஆகவே மற்றொரு காவலும் வேண்டும் என்றார்.

அக்காவலே கசிவு மின்னோட்டத்தைக் கண்டறியும் சுவிட்சு. தொழிலாளர் இதனை ஆர்.சி.சி.பி. என்பர். பேஸ் கம்பியில் செல்லும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று இது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் அளவு வேறுபட்டாலே இணைப்பைத் துண்டித்துவிடும். ஏன் இத்தனை சிறிய அளவு? அமெரிக்காவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர், தாமே முன்வந்தவர்களைக் கொண்டு ஆராய்ந்தார். சராசரி ஆடவர் ஒருவர் தாம் பிடித்த கம்பியைத் தாமே விடக்கூடிய எல்லை 16 மில்லி ஆம்பியர் என்றும், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்றும் அவர் கண்டார். அதற்குமேல் சென்றால் தசைகள் இறுகிக் கை கம்பியை விடாது. என் மாணவனின் கை குழாயை விடாததன் காரணம் இதுவே.

அவ்வாறாயின் இந்தச் சுவிட்சு ஒன்றே போதாதோ என்று நீங்கள் கேட்கலாம். போதாது. எர்த் நன்றாக இருந்தால், காப்புக் கெட்ட அந்த நொடியிலேயே மண் வழியே கசிவு செல்லும். எவரும் தொடுமுன்னரே சுவிட்சு விழும். எர்த் இல்லையேல், ஒருவர் தொட்ட பின்னரே, அவர் உடல் வழியே கசிவு சென்ற பின்னரே சுவிட்சு விழும். ஒன்று அடி படாமல் காப்பது. மற்றொன்று அடி பட்டபின் காப்பது. அறிவுடையோர் இரண்டையும் வைத்துக்கொள்வர்.

வேலை முடிந்த மாலையில் மூத்தவர் வர்ணத் தூரிகையை எடுத்தார். தொட்டியின் மூடிக்கு வர்ணம் பூசப் போகிறார் என்று எண்ணினேன். அவர் சுவரில் எழுதினார்: தேதி, அதன் கீழே, 11 ஓம். ஒவ்வொரு சித்திரையிலும் அளந்து அடுத்த வரியை எழுத வேண்டும் என்று கூறிச் சென்றார். நான் ஓய்வு பெற்ற நாள்வரை அச்சுவரில் வரிகள் கூடிக்கொண்டே வந்தன. அவ்விருவர் செய்த வேலைகளுள் மிக அழகானது அதுவே என்பது என் கருத்து.

மாணவர்களே, மின்பலகையைத் திறவாதீர்கள். எர்த் குழியில் கை வையாதீர்கள். அவை பயிற்சி பெற்றவர் செய்யும் வேலைகள். நீங்கள் செய்யக்கூடியது வேறு. உங்கள் வீட்டுக் கசிவுச் சுவிட்சில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அதனை அழுத்திப் பார்க்கும்படி பெரியோரிடம் கூறுங்கள். உங்கள் பள்ளியின் எர்த் குழி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பிறகு உங்கள் தலைமையாசிரியரிடம் பணிவாகச் சென்று கேளுங்கள்: “ஐயா, சென்ற கோடையில் ஓம் எத்தனை வந்தது?”

என்னிடம் எவரும் அக்கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சிறுவனின் கையில் அந்தத் தழும்பு இருந்திராது.